பொய்ப்பழியும் மெய்ம்மொழியும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று எம் முதியோர் சொல்வர். ஒருவன்மேல் அயலான் சொல்லும் பழிச்சொல்லைத் தடுத்தலே அரிதென்றால், ஓரினத்தின்மேல் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வரும் பழிச்சொல்லைத் தடுத்தல் எத்துணை அரிது! வள்ளுவப் பெருந்தகை புறங்கூறாமைக்கென்றே ஓரதிகாரம் வகுத்தார். ஆனால், புறங்கூற்றானது ஒரு மனிதனின் குற்றமாக நின்றுவிடாது, அச்சுக்கூடத்தையும் மேடையையும் பள்ளிக்கூடத்தையும் துணையாகக்கொண்டு ஒரு நாட்டின் கொள்கையாகவே வளர்ந்துவிட்டால் அதனை எதிர்ப்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தேடிய சிலரின் வரலாற்றையே இக்கட்டுரையிற் சுருக்கிக் கூற முற்படுகின்றோம். அவர்களிடம் படையும் இல்லை, அரசாட்சியும் இல்லை. சங்கம் அமைத்து, சந்தாப்பணம் சேர்த்து, துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, யூதமக்கள்மேற் சுமத்தப்பட்ட பொய்ப்பழியைப் பொதுமக்கள் முன்னிலையில் மறுத்துரைத்தவர்கள் அவர்கள்.

இந்துவாலிபர் சங்கத்தின் மலரில் யூதர் கதைக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நாம் கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றிற் பயின்றவர். அங்கு வேதபாட வகுப்பில் நாமும் இருந்து கேட்டோம். ‘பரிசேயன்’ என்னும் சொல் எம் வகுப்பில் வேடதாரிக்கு மறுபெயராய் வழங்கியது. விளையாட்டில் அழாப்பிய தோழனை அப்பெயராலே அழைத்துச் சிரித்தோம். யூதர் ஒருவரையேனும் அக்காலத்தில் நாம் கண்டதில்லை. 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்தராய் வந்த லெனாட் வூல்ப் யூத குடும்பத்திற் பிறந்தவர் என்பதைக்கூட நெடுநாட் கழித்தே அறிந்தோம். கண்டிராத மக்களைப்பற்றி எம் உள்ளத்தில் ஓர் இழிவான எண்ணம் எவ்வாறு குடிபுகுந்தது? பாடஞ் சொல்லித்தந்த ஆசிரியரோ நல்லவர். எவரையும் வெறுக்குமாறு எமக்குக் கற்பித்தவரல்லர். பல்கலைக்கழகத்திற் சரித்திரம் பயிலப் புகுந்த பின்னர், இதே கேள்வியைத் தம் வாழ்நாளின் கேள்வியாகக் கொண்ட பாடநூலாசிரியர் ஒருவர் பிரான்சு தேசத்தில் வாழ்ந்தாரென அறிந்தோம். அவரைப்பற்றிக் கூறுமுன், அவருக்கு முன்னே இப்பணியில் இறங்கியவர்களைப்பற்றிக் கூறுதல் வேண்டும்.

பழிக்கு ஒரு புதுப்பெயர்

ஐரோப்பாவில் யூதர் பட்ட துன்பம் பழமையானது. இயேசுநாதரைக் கொன்றவர் என்றும், கிறித்தவப் பிள்ளைகளைக் கொன்று இரத்தம் எடுப்பவர் என்றும், கிணற்றில் நஞ்சிட்டவர் என்றும் இடைக்காலத்தில் அவர்மேற் பழி சுமத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சமய வைராக்கியம் தளர்ந்தது. 1871ஆம் ஆண்டில் ஒன்றுபட்ட ஜேர்மனிய சாம்ராச்சியத்தில் யூதருக்குச் சமவுரிமை சட்டத்தால் உறுதியாயிற்று. இனித் தொல்லையில்லை என்று பலர் நம்பினர். ஆனால் 1873ஆம் ஆண்டிலே பங்குச்சந்தை வீழ்ந்து வணிகம் நொடிந்தபோது, நட்டப்பட்டவர்கள் பழி சொல்ல ஓராளைத் தேடினர். 1879ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மார் என்னும் பத்திரிகையாளர், பழைய பகைக்குச் சமயச் சாயம் நீக்கி இனச் சாயம் பூசி, ‘செமித்திய விரோதம்’ என்னும் பெயரைப் பரப்பினார். அவ்வாண்டிலேயே பேர்லின் பல்கலைக்கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் ட்ரைட்ஷ்கே என்பவர், யூதரை நாட்டின் கேடாகக் காட்டும் கட்டுரையொன்றை எழுதினார். தெருவிற் பேசப்பட்ட வசைக்குப் பேராசிரியரின் கௌரவம் கிடைத்தது. யூதர் குடிவருவதைத் தடுக்கவும், அவரை அரச பதவிகளிலிருந்தும் ஆசிரியத் தொழிலிலிருந்தும் விலக்கவும் வேண்டுமென்று கோரிய விண்ணப்பமொன்றில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். 1881ஆம் ஆண்டில் அவ்விண்ணப்பம் பிஸ்மார்க்கிடம் கொடுக்கப்பட்டது.

அயலார் அமைத்த சங்கம்

இதற்கு மறுமொழி கூற முன்வந்தவருள் முதன்மையானவர் தியோடோர் மொம்சன். உரோமாபுரியின் சரித்திரத்தை எழுதிப் புகழ்பெற்று, 1902ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசையும் பெற்றவர் இவர். ட்ரைட்ஷ்கேயும் இவரும் ஒரே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1880ஆம் ஆண்டிலே, தம்மோடு பணிபுரிபவர் என்றும் பாராது, அவர் கூற்றை மறுத்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். யூதரல்லாத அறிஞர் பலருடன் சேர்ந்து, இப்பகைமை நாட்டுக்கே அவமானமென்ற பகிரங்க அறிக்கையொன்றிலும் கையொப்பமிட்டார்.

அறிக்கை விடுதலோடு அமையாது நிலையான சங்கமொன்று வேண்டுமென்ற எண்ணத்தால், யூதவிரோதத்தைத் தடுக்கும் சங்கம் பேர்லின் நகரில் 1890ஆம் ஆண்டின் இறுதியிலும் 1891ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக உருப்பெற்றது. இதன் சிறப்பு யாதெனில், இதனை நடத்தியோரிற் பெரும்பாலார் யூதரல்லாதார். சட்ட அறிஞர் றுடொல்ப் வொன் க்னைஸ்ற் முதற்றலைவராயினார். அவருக்குப்பின் பாராளுமன்ற உறுப்பினர் ஹைன்ரிக் றிக்கேட் தலைமை தாங்கினார். அடிபட்டவன் தானே அழுது நிற்க, அயலவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தல் கூடாது என்பதே இச்சங்கத்தின் உட்கருத்து.

சங்கத்தின் வேலைமுறை ஆறுதலானது, ஆனால் இடைவிடாதது. யூதவிரோதிகள் மேடையிற் பேசியவற்றைக் குறித்துவைப்பர். அவர்கள் காட்டிய கணக்குகளை அரசாங்கக் கணக்குகளோடு ஒப்பிடுவர். அவர்கள் மேற்கோள் காட்டிய நூற்பகுதிகளை மூலத்தோடு வைத்துப் பார்த்துத் திரிபை வெளிப்படுத்துவர். இவற்றையெல்லாம் 1891 முதல் தம் பத்திரிகையில் வெளியிட்டனர். ‘யூதவிரோதிகளின் கண்ணாடி’ என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு கைந்நூலையும் அச்சிட்டுப் பேச்சாளருக்கும் பத்திராதிபருக்கும் உதவினர்.

இவ்வேலை எத்துணை அவசியமாயிற்று என்பதை அக்காலத்து நிகழ்ச்சியொன்று காட்டும். 1891ஆம் ஆண்டில் றைன் நதிக்கரைப் பிரதேசத்திலுள்ள சான்ரன் என்னும் சிற்றூரில் ஒரு பாலகன் கொலையுண்டான். இடைக்காலத்து இரத்தப்பழி மீண்டும் எழுந்தது. அவ்வூர் யூத இறைச்சிக்கடைக்காரர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். 1892ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர் குற்றமற்றவரெனத் தீர்த்து விடுதலை செய்தது. ஆயினும் அவ்வூரிலே அவர் தொடர்ந்து வாழ முடியவில்லை. நீதிபதி விடுவித்தவரை ஊரார் விடுவிக்கவில்லை. 1893ஆம் ஆண்டுத் தேர்தலில் யூதவிரோதக் கட்சியினர் 16 ஆசனங்களைப் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தனர்.

இச்சங்கத்துக்குத் தம் பெயரையும் புகழையும் தந்த மொம்சன் தாமே, தர்க்கத்தின் வலிமையிற் பெரிதும் நம்பிக்கை வைத்தவரல்லர். 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ஒரு சம்பாஷணையில், இவ்விரோதிகள் நியாயத்துக்குச் செவிசாய்ப்பவரல்லர், தம் வெறுப்புக்கே செவிசாய்ப்பவர் என்ற கருத்துப்பட அவர் கூறினார். இதனை வாசித்தபோது நாம் சிறிது நேரம் நூலை மூடிவைத்துச் சிந்தித்தோம். பயன்படாதென்று தாம் ஐயுற்ற வேலைக்கு ஒருவர் ஏன் கைகொடுத்தார்? பயன் கிட்டுமென்ற உறுதி இல்லாதவிடத்தும் மெய்யை மெய்யென்று சொல்ல வேண்டிய கடன் உண்டு என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

தமக்காகத் தாமே எழுந்தமை

அயலார் காப்பார் என்று காத்திருத்தல் சமவுரிமை பெற்ற குடிகளுக்கு அழகன்று என எண்ணிய யூதர், 1893ஆம் ஆண்டு மாச்சு மாதத்தில் தமக்கென ஒரு மத்திய சங்கம் அமைத்தனர். ‘யூத சமயத்தைச் சேர்ந்த ஜேர்மனியப் பிரசைகளின் மத்திய சங்கம்’ என்பது அதன் நீண்ட பெயர். அப்பெயரிலேயே அவர்கள் கொள்கை அடங்கியிருந்தது. சமயம் யூதம், நாடு ஜேர்மனி, இரண்டுக்கும் முரணில்லை என்பதே அது. அவதூறு பேசியவர்மீது வழக்குத் தொடுத்தனர், பத்திரிகை நடத்தினர், தம் சமய நூல்களைப்பற்றிய பொய்களுக்கு விளக்கம் எழுதினர்.

முதலாம் உலகயுத்தம் வந்தது. ஏறக்குறைய 100,000 யூதர் ஜேர்மனியப் படையிற் சேவித்தனர். ஏறக்குறைய 12,000 பேர் மாண்டனர். அவ்வாறிருந்தும், யூதர் போர்முனைக்குச் செல்லாது ஒளிக்கின்றனர் என்ற வதந்தி எழ, 1916ஆம் ஆண்டில் யுத்த மந்திரி காரியாலயம் படையிலுள்ள யூதரை மட்டும் தனியே எண்ணிக் கணக்கெடுத்தது. கணக்கின் முடிவை அக்காலத்தில் வெளியிடவுமில்லை. எண்ணியது அறிந்த செய்தி, எண்ணிக்கை அறியாத செய்தி. வதந்தி வளர்வதற்கு இதனினும் நல்ல எரு வேறுண்டோ?

போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டில் லேயோ லோவென்ஸ்ரைன் என்பவர் யூத முன்னாட் போர்வீரர் சங்கத்தை நிறுவினார். அவர்கள் ஜேர்மனியத் தாய்மாரை விளித்து ஒரு பிரசுரம் வெளியிட்டனர். மாண்ட 12,000 பேரின் தொகை அதில் முன்னிற்க, கிறித்தவத் தாயும் யூதத் தாயும் தத்தம் மைந்தரை ஒரே மண்ணுக்கே கொடுத்தனர் என்பதை அது நினைவூட்டியது. 1932ஆம் ஆண்டிலே, மாண்ட யூதவீரரில் 10,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தொகுத்து ஒரு நினைவுநூலும் வெளியிட்டனர். அதன் பிரதியொன்று சனாதிபதி ஹிண்டென்பேர்க்கிடம் அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற அதே மனிதரே, மறுவருடம் ஜனவரி 30ஆந் திகதி ஹிற்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தார்.

மத்திய சங்கத்தாரின் பிரசார முறைகளிற் புதுமையும் இருந்தது. பேச்சாளர் சட்டைப்பையில் வைத்துச் செல்லத்தக்கதாய், தனித்தனித் தாள்களாலான ஒரு கைந்நூலை வெளியிட்டனர். மேடையிலே எதிரி ஒரு பழியைச் சொன்னால், அப்பழிக்குரிய தாளை எடுத்து உடனே விடைகூறலாம். 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹிற்லரின் நாசிக் கட்சிக்கு நூற்றுக்கு மூன்று வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆயினும் சங்கத்தார் அயர்ந்திருந்தாரல்லர். பேர்லினில் வில்ஹெல்ம் வீதியில் தனியாக ஒரு காரியாலயம் அமைத்து, நாசிகளின் பேச்சுகளையும் குற்றங்களையும் பற்றிய செய்திகளைச் சேகரித்து, சுவரொட்டிகளையும் பிரசுரங்களையும் தயாரித்தனர். யூதர் சொன்னாரென்றாற் கேட்பாரில்லை என்பதனால், தம் சங்கத்தின் பணமும் உழைப்பும் பின்னின்றமை வெளியே தெரியாதவாறு அவற்றைப் பரப்பவேண்டியதாயிற்று. தன்மேற் பழி சொல்லப்பட்டவன் தன் பெயரை மறைத்தே தனக்காகப் பேசவேண்டிய நிலை எத்துணைக் கொடியது!

வழக்கில் வென்ற மெய்

மெய் எங்கும் தோற்றதென்று கூறுதல் பொருந்தாது. பல இடங்களில் அது நன்றாக நிரூபிக்கப்பட்டது. நிரூபித்தலோடு காரியம் முடியவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

உலகை ஆள யூதமூப்பர் இரகசியத் திட்டமிட்டனர் எனக் கூறும் ‘சீயோன் மூப்பரின் நடவடிக்கைக் குறிப்புகள்’ என்னும் போலிநூல், 1903ஆம் ஆண்டில் உருசிய நாட்டில் முதலில் அச்சேறியது. 1921ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் அதன் குட்டை உடைத்தார். மொரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைச் சாடி 1864ஆம் ஆண்டில் எழுதிய நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடப்பட்டதே அப்போலிநூல். மூலநூலோ யூதரைப்பற்றியதன்று.

அமெரிக்காவிலே மோட்டார்வண்டி உற்பத்தியாளர் ஹென்றி போர்ட், தமக்குச் சொந்தமான பத்திரிகையில் 1920ஆம் ஆண்டு மே மாதம் முதல் இக்கட்டுக்கதையைத் தழுவிய கட்டுரைகளை வாரந்தோறும் வெளியிடச் செய்தார். 1906ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க யூதக் குழுவினரும், 1913ஆம் ஆண்டிற் சிக்காக்கோவில் அமைக்கப்பட்ட அவதூறு எதிர்ப்புக் கழகத்தினரும் எதிர்ப்பிரசாரம் செய்தனர். 1921ஆம் ஆண்டு ஜனவரியில் 119 பிரபல அமெரிக்கர் கையொப்பமிட்ட கண்டன அறிக்கை வெளிவந்தது. யூதரல்லாத அவர்களுள் வில்சன், ராப்ற் என்னும் சனாதிபதிகளும் இருந்தனர். இறுதியில் 1927ஆம் ஆண்டில் மானநஷ்ட வழக்கொன்றின் நெருக்கடியால், போர்டின் பெயரால் பகிரங்க மன்னிப்பு வெளியாயிற்று. பத்திரிகையும் அவ்வருட இறுதியில் நின்றது. ஆனால் கட்டுரைகளைத் தொகுத்த நூல் அதற்கு முன்னரே ஜேர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டிருந்தது. மன்னிப்புக்குப் பின்னும் அது விலைபோயிற்று. வில்லினின்று விட்ட அம்பை வருந்தி அழைத்தால் வருமோ?

சுவிற்சர்லாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அந்நாட்டு யூத சங்கங்கள் பேர்ண் நகர நீதிமன்றில் தொடுத்த வழக்கில், அந்நூல் போலியென 1935ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி தீர்ப்பளிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றம், சட்டத்தின் வாசகம் இத்தகைய அரசியற் பிரசுரத்துக்குப் பொருந்தாதென்று தண்டனையை நீக்கியது. நூல் போலியென்பதை எவராலும் பொய்யாக்க முடியவில்லை. ஆயினும் அந்நூல் இன்றும் பல மொழிகளில் உலாவுகின்றது. கைத்தொலைபேசியில் விரல் தொடும் தூரத்தில் இருக்கின்றது.

ஜேர்மனியில் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தைத் தொட்ட 1932ஆம் ஆண்டில், நாசிக் கட்சி நூற்றுக்கு 37 வாக்குப் பெற்றுப் பாராளுமன்றத்தில் மிகப்பெரிய கட்சியாயிற்று. நாட்டு மக்களில் யூதரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1933ஆம் ஆண்டிலே அயலார் அமைத்த பழைய சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது. 1938ஆம் ஆண்டு நவம்பரில் யூத ஆலயங்கள் எரிந்தபின் மத்திய சங்கமும் தடைசெய்யப்பட்டது. பின்னர் ஐரோப்பா எங்கணும் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

அப்படியாயின் நாற்பதாண்டுக்கு மேலான உழைப்பு முழுவதும் வீணோ? அவ்வாறு நாம் கருதவில்லை. மத்திய சங்கத்தின் முக்கிய உத்தியோகத்தருள் அல்பிரெட் வீனர் என்பவர் ஒருவர். 1933ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு அம்ஸ்ரடாம் நகருக்குச் சென்று, அங்கேயும் நாசிகளின் செயல்களுக்குச் சான்று சேகரிக்கும் நிலையமொன்றை அமைத்தார். பேர்ண் வழக்குக்கும் அந்நிலையம் உதவிற்று. 1939ஆம் ஆண்டில் அது இலண்டனுக்கு மாற்றப்பட்டது. போர் முடிந்தபின் நூரெம்பேர்க் விசாரணைக்கு அவர் சேகரித்த சான்றுகள் பயன்பட்டன. வீனர் நூல்நிலையம் என்ற பெயரால் அது இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றது. அவர் மனைவி சிறைமுகாமிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சுவிற்சர்லாந்தை அடைந்தவுடனே 1945ஆம் ஆண்டு ஜனவரியில் உயிர்நீத்தார். பழியைத் தடுக்கச் சேர்த்த தாள்கள் பழியைத் தடுக்கவில்லை. ஆனால் கொலைஞர் தாம் செய்ததை இல்லையென்று மறுக்க முயன்றபோது அவை சாட்சி கூறின.

பாடநூலாசிரியரின் கேள்வி

இனி, நாம் முன்னர்க் குறிப்பிட்ட பாடநூலாசிரியரிடம் வருவோம். ஜூல் இசாக் 1877ஆம் ஆண்டில் பிரான்சில் யூத குடும்பத்திற் பிறந்தவர். அந்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்த சரித்திர பாடநூல் வரிசைக்கு ஆசிரியர். கல்விப்பகுதியிற் பிரதம பரிசோதகர் பதவி வகித்தவர். முதலாம் உலகயுத்தத்திலே போர்முனையிற் காயமுற்றார். அதன் பின்னர், பிரெஞ்சுப் பிள்ளைகளும் ஜேர்மனியப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பகைக்கச் செய்யும் பாடநூற் பகுதிகளைத் திருத்துவதற்கு உழைத்தார். பாடநூலின் ஒரு வாக்கியம் இருபதாண்டு கழித்துத் துப்பாக்கி ஏந்தக்கூடும் என்பதை அறிந்தவர் அவர்.

1940ஆம் ஆண்டில் விஷி அரசாங்கத்தின் சட்டப்படி, யூதர் என்பதற்காகப் பதவியிழந்தார். 1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் வெளியே சென்றிருந்த வேளையில், அவர் மனைவியும் பிள்ளைகளும் மருமகனும் பிடிக்கப்பட்டனர். ஒரு மகன் மாத்திரம் தப்பிப் பிழைத்தார். மனைவியும் மகளும் மருமகனும் திரும்பவில்லை. தொடங்கிய வேலையை முடிக்குமாறு தடுப்புமுகாமிலிருந்து மனைவி அவருக்கு எழுதியனுப்பினார். அவ்வேலைதான் ‘இயேசுவும் இஸ்ராயேலும்’ என்னும் நூல். மறைந்து வாழ்ந்த காலத்திலும் எழுதி, 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் கேட்ட கேள்வி எளியது. ஹிற்லர் புறச்சமயத்தார் நடுவிலே தோன்றவில்லை. அயலானை நேசிக்கக் கற்பிக்கும் சமயம் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வேரூன்றிய கண்டத்தில், இத்துணைப் பெருங்கொலைக்குத் துணைநிற்பாரும் வாளாவிருப்பாரும் எவ்வாறு கோடிக்கணக்கிற் கிடைத்தனர்? விடையை அவர் சுவிசேஷங்களிலேயே தேடினார். மூலத்தையும் ஆலயத்துப் பிரசங்கங்களையும் பாடசாலை ஞானோபதேசங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். இயேசு யூதர், அவர் தாயார் யூதப்பெண், முதற் சீடர் யாவரும் யூதர். அவர் காலத்து யூதருட் பெரும்பாலார் பலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்தவர். அவரைக் கண்டதே இல்லை. அவ்வாறிருக்க, அந்நாளும் எந்நாளும் வாழும் யூதர் யாவரையும் கொலைகாரர் எனப் போதிப்பது மூலத்துக்கே மாறானது என்று காட்டினார். இப்போதனைக்கு ‘இகழ்ச்சிப் போதனை’ எனப் பெயரிட்டார். நாசிகளின் இனப்பகையும் திருச்சபையின் பழம்போதனையும் ஒன்றென அவர் சொல்லவில்லை. பின்னது உழுதுவைத்த நிலத்திலே முன்னது விதைத்தது என்றார். எம் வகுப்பில் வழங்கிய ‘பரிசேயன்’ என்ற வசைச்சொல் எங்கிருந்து வந்ததென்பதும் எமக்கு அப்பொழுதே விளங்கிற்று.

பழைய சங்கத்தார் எதிரியின் பொய்யை மறுத்தனர். இசாக் நல்லவர்களின் பாடத்தைத் திருத்த முயன்றார். இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையே இவ்வரலாற்றின் உயிர்நிலை என நாம் கருதுகின்றோம்.

அம்முயற்சிக்குச் சங்கங்களே துணைநின்றன. பிரிற்றனில் 1942ஆம் ஆண்டில் தோன்றிய கிறித்தவர் யூதர் கழகமும் அதுபோன்ற அமெரிக்கக் கழகமும் கூட்டிய மகாநாடொன்று, 1947ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி முதல் ஓகஸ்டு 5ஆந் திகதி வரை சுவிற்சர்லாந்தின் சீலிஸ்பேர்க் என்னும் மலையூரில் நடைபெற்றது. பல நாடுகளிலிருந்தும் 60க்கு மேற்பட்டோர் கூடினர். இசாக் கொண்டுசென்ற 18 பிரேரணைகளை அடியாகக்கொண்டு, திருச்சபைகளுக்கென 10 அம்சங்கள் வகுக்கப்பட்டன. இயேசுவும் அன்னை மரியாளும் முதற் சீடரும் யூதர் என்பதைக் கற்பித்தல் வேண்டும். கிறித்தவத்தை உயர்த்தும் பொருட்டு யூதமதத்தைத் தாழ்த்துதலாகாது. யூதர் என்ற சொல்லை இயேசுவின் பகைவர் என்னும் பொருளில் ஆளுதலாகாது. பாடுகளின் வரலாற்றைப் படிப்பிக்கையில் யூதர் யாவர்மேலும் வெறுப்பு எழச் செய்தலாகாது என்பன அவற்றுட் சில. அறிவுறுத்தல் முழுவதும் ஆசிரியருக்கும் பிரசங்கிக்குமே கூறப்பட்டிருப்பதைக் காண்க.

மறுவருடம் இசாக் பிரான்சில் யூத கிறித்தவ நட்புறவுச் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். 1949ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசரைச் சந்தித்து, பெரியவெள்ளிச் செபத்தில் யூதரைக் குறித்து வழங்கிய இழிவான அடைமொழியைப்பற்றி முறையிட்டார். 1959ஆம் ஆண்டில் இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசர் அச்சொல்லை நீக்குவித்தார். 1960ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி, 82 வயது நிரம்பிய இசாக் அப்பாப்பரசரைக் கண்டு தம் விண்ணப்பத்தைக் கையளித்தார். நம்பிக்கையோடு செல்லலாமா என்று வினவ, நம்பிக்கைக்கு மேலானதற்கும் உமக்கு உரிமையுண்டு என்ற கருத்துப்படப் பாப்பரசர் விடையளித்தனர். பேயா கர்தினாலிடம் இவ்விடயம் ஒப்படைக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் இசாக் காலமானார். முடிவைக் காண அவர் இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிறசமயங்களைப்பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. ஆதரித்த வாக்குகள் 2,221, எதிர்த்தவை 88. இயேசுவின் மரணத்துக்காக அக்கால யூதர் அனைவர்மேலோ இக்கால யூதர்மேலோ பழி சுமத்தலாகாது என்று அது தெளிவாகக் கூறிற்று.

இந்துவாலிபராகிய நாம் அறியவேண்டிய செய்தியொன்றும் இதிலுண்டு. யூதரைப்பற்றிய அறிக்கையாகத் தொடங்கிய அப்பிரகடனம், விரிவுபெற்று வெளிவந்தபொழுது இந்துசமயத்தையும் பௌத்தத்தையும் இஸ்லாத்தையும் மதிப்புடன் குறிப்பிட்டது. ஒரு முதியவர் தம் மக்களுக்காகத் தட்டிய கதவு, எம் சமயத்துக்கும் சேர்த்தே திறந்தது.

பின்னர் வந்த சங்கத்தாரும் அவ்வழியே சென்றனர். அமெரிக்க யூதக் குழுவினரின் உதவியால் கிறித்தவப் பாடநூல்கள் கிறித்தவ அறிஞராலேயே ஆராயப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த அத்தகைய ஆராய்ச்சியொன்று 1963ஆம் ஆண்டில் நூலாயிற்று. 2009ஆம் ஆண்டில் கிறித்தவர் யூதர் கழகங்களின் சர்வதேச மன்றத்தார், பழைய சங்கம் தோன்றிய அதே பேர்லின் நகரிற் கூடி, சீலிஸ்பேர்க் அம்சங்களைப் புதுக்கி 12 அம்சங்களாக வெளியிட்டனர்.

எமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து எமக்குத் தோன்றுவன சில. பழிச்சொல்லுக்கு மறுமொழி கூறுதல் கடமை. அதன் பயன் உடனே கிட்டாது என்பதனால் அக்கடமை நீங்கிவிடாது. அவ்வாறு மறுமொழி கூறுங்கால், பழிக்கப்பட்டவரின் குரலோடு பழிக்கப்படாதவரின் குரலும் சேர்தல் வேண்டும். பேர்லின் சங்கத்தார் அதனை அறிந்திருந்தனர். அவர்களைப் பின்பற்றினோர் தொகை போதாதாயிற்று. எல்லாவற்றிலும் மேலாக, வெறுப்பின் வித்துத் தீயவர் வாயிலே மட்டும் இருப்பதில்லை. நல்லவர் சொல்லித்தரும் பாடத்தினுள்ளும், நாம் விளையாட்டாக வழங்கும் சொல்லினுள்ளும் அது உறங்கிக் கிடக்கின்றது. துண்டுப்பிரசுரம் இலையைக் கிள்ளும். பாடத்திருத்தமோ வேரைத் தொடும்.

இக்காலத்தே இஸ்ராயேல் அரசைப்பற்றியும் பலஸ்தீன மக்களின் துயரத்தைப்பற்றியும் எங்கும் வாதம் நிகழ்கின்றது. ஓர் அரசின் செயலை ஆராய்ந்து கண்டித்தல் குடிகள் யாவர்க்கும் உரிய உரிமை. அதனைச் சாட்டாக வைத்து உலகெங்குமுள்ள யூதரை இகழ்தல் பழைய பழியைப் புதிய உறையிலிடுதலாகும். இவ்வேற்றுமையை வாலிபர் மறத்தலாகாது.

பிறர் பாடநூலைத் திருத்தச் சொல்லுமுன், எம் வீட்டுத் திண்ணையிலும் சங்கக் கூட்டத்திலும் பிற சமயத்தாரையும் பிற சாதியாரையும்பற்றி நாம் சிந்தனையின்றி வழங்கும் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஜூல் இசாக் மூலநூலைக் கையிலெடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டதுபோல, நாமும் எமக்குக் கற்பிக்கப்பட்டவற்றை ஒப்பிட்டு நோக்குவோமாக. பெரியோர் அதற்கு இடந்தந்து எம்மை வழிப்படுத்துவாராக. வகுப்பிற் ‘பரிசேயன்’ என்று நாம் அழைத்துச் சிரித்த தோழனைச் சென்ற விடுமுறையிற் கண்டு, இக்கதையைச் சொன்னோம். அவன் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அக்காலத்தில் அப்பெயர் தன்னை மிகவும் நோகச்செய்தது என்றான். நாம் அதனை அறிந்திருக்கவில்லை.